ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி நேரமும் நாள்தோறும் இருபது நிமிடமும்

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, எனக்கு வயது 41. வழக்கநிலைத் தேர்வு எழுதி, தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் படித்து, பதினெட்டு ஆண்டுகளாக மின்தூக்கிப் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். மேற்பார்வையாளர் பொறுப்புக்கு டிப்ளோமா கேட்கிறார்கள் என்பதால், நாற்பதும் அதற்கு மேலும் வயதானோருக்கு 2024-இல் சிங்கப்பூர் அரசு கொடுத்த 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பயிற்சித் தொகையைக் கொண்டு பலதுறைத் தொழிற்கல்லூரியில் பகுதிநேர மாணவனாகச் சேர்ந்தேன். முதல் பருவத்திலேயே பொறியியல் கணிதம் வந்துவிட்டது. தொடக்கத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள், நாளுக்கு ஐந்து மணி நேரம் உட்கார்ந்து படித்தேன். நான்காவது ஞாயிறு அவசர அழைப்பு வேலை வந்தது. அதன் பிறகு புத்தகத்தைத் திறக்கவே மனம் வரவில்லை. காணொளிகளைப் பார்த்தால் எல்லாம் புரிகிறது. தாளை எடுத்தால் கை ஓடுவதில்லை. முதல் சோதனையில் நூற்றுக்கு 31. தொடக்கநிலை 5-இல் படிக்கும் மகள் கணக்குக் கேட்டால், "அப்பாவுக்கும் கணக்கு வராதும்மா" என்று சொல்லி அவள் அம்மாவிடம் அனுப்பிவிடுகிறேன். ஊக்கத்தை எப்படி வரவழைப்பது? தனியாசிரியர் வைத்துக்கொள்ளலாமா, அல்லது இந்தப் பாடத்தையே விட்டுவிடலாமா? சோதனைத்தாளின் ஒரு பக்கத்தை இணைத்திருக்கிறேன்.
— உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தை ஒரு முறையும், நீங்கள் இணைத்திருந்த பக்கத்தை நான்கு முறையும் படித்தேன். மாலை வகுப்புகளில், வேலை முடிந்து சீருடையோடு வந்து உட்காரும் பெரியவர்களுக்கு இருபத்தாறு ஆண்டுகள் கணிதம் கற்பித்தவன் என்ற முறையில், ஒருவர் தம்மைப் பற்றிச் சொல்வதைவிட அவருடைய விடைத்தாள் சொல்வதையே அதிகம் நம்பப் பழகியிருக்கிறேன். உங்களுக்கு ஊக்கம் இல்லை என்று கடிதம் சொல்கிறது. தாள் வேறொன்றைச் சொல்கிறது.

அந்தப் பக்கத்தின் மூன்றாவது கணக்கை எடுத்துக்கொள்வோம். 4 ஓம், 6 ஓம் மின்தடைகள் இரண்டைப் பக்க இணைப்பில், உங்கள் பட்டறை வழக்கில் சொன்னால் பேரலலில், இணைத்தால் மொத்தத் தடை எவ்வளவு என்பது கேள்வி. ஒவ்வொரு தடையின் தலைகீழையும் கூட்டி, வந்ததைத் தலைகீழாக்க வேண்டும் என்ற சூத்திரத்தைச் சரியாக எழுதியிருக்கிறீர்கள். எண்களையும் சரியான இடத்தில் வைத்திருக்கிறீர்கள். அடுத்த வரியில் 1/4 + 1/6 = 2/10 என்று எழுதி, அதைத் தலைகீழாக்கி, விடை 5 ஓம் என்று முடித்திருக்கிறீர்கள். மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டியதுதான் நடந்த பிழை. அதே பக்கத்தில் ஐந்தாவது, ஆறாவது கணக்குகளிலும் மதிப்பெண் போன இடம் இதே பின்னக் கூட்டல்தான். புதிதாகக் கற்பித்த பாடத்தில் நீங்கள் ஒரே ஒரு பிழைதான் செய்திருக்கிறீர்கள். மற்றவை எல்லாம் பல ஆண்டுகளுக்கு முன்பு, ஏறக்குறைய உங்கள் மகளின் வயதில், சரியாகப் பதியாமல் போன ஓரிடத்திலிருந்து வருபவை.

2/10 என்பது ஐந்தில் ஒரு பங்கு. காலோடு இன்னொன்றைக் கூட்டினீர்கள்; வந்த விடையோ காலைவிடக் குறைவாக இருக்கிறது. சந்தையில் இப்படி ஒருவர் கணக்குச் சொன்னால் நீங்களே அவரை விட்டிருக்க மாட்டீர்கள். கால், அரைக்கால் (1/8), மாகாணி (1/16) என்று தொடங்கி முந்திரி வரை, அதாவது 1/320 வரை, பின்னங்களுக்குத் தனித்தனிப் பெயர் வைத்துப் புழங்கிய மொழி நம்முடையது. காலும் அரைக்காலும் எவ்வளவு என்று நம் பாட்டிமார்களைக் கேட்டிருந்தால், காலை இரண்டு அரைக்காலாக மாற்றி, மூன்று அரைக்கால் என்று வாயாலேயே சொல்லியிருப்பார்கள். பகுதி எண்களைச் சமமாக்குவது என்று பள்ளியில் சொல்வது இதைத்தான். 5 ஓம் என்ற விடையிலும் உங்கள் கைப்பழக்கம் உங்களை எச்சரித்திருக்க வேண்டும்: பேரலலில் மொத்தத் தடை, இருப்பதில் சிறிய தடையைவிடவும் குறைவாகத்தான் இருக்கும் என்பது பதினெட்டு ஆண்டுகளாக நீங்கள் அறிந்தது, இங்கே சிறியது 4. ஆனால் தாளின் முன் உட்காரும்போது வேலையில் உள்ள அறிவைக் கதவுக்கு வெளியே கழற்றி வைத்துவிடுகிறீர்கள். பெரியவர்கள் பலரிடம் இதைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே என் முதல் கருத்து இது. புத்தகத்தைத் திறக்க மனம் வராததற்குக் காரணம் சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஏதோ ஓர் இடத்தில் கால் இடறுகிறது, ஏன் இடறுகிறது என்று தெரிவதில்லை. அப்படிப்பட்ட இடத்துக்கு மறுபடியும் போக எந்த மனமும் தயங்கத்தான் செய்யும். இடறும் படியைச் சரிசெய்தால் மனம் தானாக வரும். அதுவரை மனத்தைக் கேட்காமல் உட்கார ஓர் ஏற்பாடு வேண்டும்.

அந்த ஏற்பாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி நேரம் ஒத்துவராது. நீங்கள் பார்த்துக்கொள்ளும் மின்தூக்கியை மாதந்தோறும் பராமரிக்கிறீர்கள். ஆண்டுக்கு ஒரே நாளில் பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்துவிட்டு, மிச்ச நாளெல்லாம் அது நன்றாக ஓடும் என்று எந்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கிலும் யாரும் விட்டுவிடுவதில்லை. ஐந்து மணி நேரத்தில் முதல் ஒரு மணி நேரம் போன வாரத்தில் மறந்ததைத் தேடுவதில் போகும். கடைசி இரண்டு மணி நேரம் களைப்பில் போகும். அதைவிட முக்கியமாக, அந்த ஒரு ஞாயிறு கைவிட்டுப் போனால் முழு வாரமும் போய்விடுகிறது. உங்களுக்கு நடந்ததும் அதுதான்.

நாள்தோறும் இருபது நிமிடம் போதும். உங்களுக்கு முறைவேலை என்பதால் மணிக்கணக்கை நம்ப வேண்டாம். இரவு எட்டு மணி என்று வைத்தால் அடுத்த வாரமே அது உடைந்துவிடும். எந்த முறையில் வேலை செய்தாலும் மாறாத ஒரு செயலைப் பிடித்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து குளிப்பது காலையானாலும் இரவானாலும் நடக்கும். குளித்துவிட்டு வந்து, சாப்பாட்டுக்கு முன், கைத்தொலைபேசியைத் தொடுவதற்கு முன், சாப்பாட்டு மேசையில் உட்காருங்கள். நோட்டுப் புத்தகமும் பென்சிலும் அந்த மேசையிலேயே இருக்கட்டும். அலமாரியிலிருந்து எடுத்துவர வேண்டியிருந்தால், அந்தப் பத்தடி தூரமே ஒரு சாக்காகிவிடும். முடிக்கும்போது அடுத்த நாளுக்கான முதல் கணக்கைப் புதிய பக்கத்தின் மேலே எழுதி, அதன் முதல் வரியையும் போட்டு, பாதியில் விட்டு மூடுங்கள். வெறும் பக்கத்தைப் பார்ப்பதைவிடப் பாதியில் நிற்கும் கணக்கைத் தொடர்வது எளிது. என் மாணவர்களில் நிலைத்து நின்றவர்கள் பலர் இதைத்தான் செய்தார்கள், என்னிடம் கேட்காமலேயே.

நாட்கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. இருபத்தொரு நாள் செய்தால் பழக்கம் படிந்துவிடும் என்று எல்லாரும் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 96 பேரை வைத்துச் செய்து 2010-இல் வெளியான ஆய்வில், ஒரு புதிய செயல் தன்னியல்பாக நடக்கச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. அவர்கள் பார்த்தது பழம் சாப்பிடுவது, நீர் அருந்துவது போன்ற எளிய செயல்கள். கணக்குப் போடுவதற்கு அதைவிடக் கூடுதலாக ஆனால் வியப்பில்லை. எனவே மூன்று வாரத்தில் ஆர்வம் வற்றியதைக் குணக்கேடாக எண்ண வேண்டியதில்லை. அதே ஆய்வில் உங்களுக்கு உதவும் இன்னொரு முடிவும் உண்டு: இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் படிவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. அவசர அழைப்பில் விடியும்வரை ஒரு மின்தூக்கியோடு போராடிவிட்டு வரும் நாளில் விட்டுவிடுங்கள். அடுத்த நாள் ஒரே ஒரு கணக்கு, மூன்று நிமிடம், அவ்வளவு போதும். விட்டதை ஈடுகட்ட நாற்பது நிமிடம் உட்கார வேண்டாம். ஈடுகட்டும் எண்ணம்தான் மறுபடியும் ஞாயிறு ஐந்து மணி நேரத்துக்குக் கொண்டுபோய் விடும்.

இனி அந்த இருபது நிமிடத்தில் என்ன செய்வது என்பது. இதைத்தான் நான் மிகவும் வற்புறுத்துவேன், ஏனென்றால் தவறான வேலையை ஒழுங்காகச் செய்தும் பயனில்லை.

காணொளியை அந்த நேரத்துக்குள் விடாதீர்கள். பார்க்கும்போது புரிவது உண்மைதான். ஆனால் அது ஆசிரியரின் கை போட்ட கணக்கு, உங்கள் கை அங்கே வேலை செய்யவில்லை. ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள்; ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள். அவர்கள் கொடுத்தது உரைநடைப் பகுதி என்றாலும், மாலை வகுப்பில் நான் கண்டதும் இதேதான். காணொளியை ரயிலில் பாருங்கள், தடையில்லை. மேசையில் உட்கார்ந்தபின், அதே எடுத்துக்காட்டை, தீர்வை மூடிவிட்டு, வெறும் தாளில் நீங்கள் போட வேண்டும். முட்டினால் ஒரு வரி மட்டும் திறந்து பார்த்துவிட்டு மறுபடியும் மூடுங்கள்.

நாளுக்கு மூன்று கணக்குகள் வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்று இந்த வாரப் பாடத்திலிருந்து, ஒன்று இரண்டு மூன்று வாரத்துக்கு முந்தையதிலிருந்து, ஒன்று அடிப்படையிலிருந்து. அடிப்படை என்பது உங்களைப் பொறுத்தவரை இப்போதைக்குப் பின்னமும், சமன்பாட்டில் ஓர் எழுத்தைத் தனியே பிரித்தெடுப்பதும்தான். ஒரே வகைக் கணக்கைப் பத்து முறை அடுத்தடுத்துப் போடுவதைவிட இப்படிக் கலந்து போடுவது கடினமாகத் தோன்றும், மதிப்பெண்ணும் முதலில் குறையும். அதைக் கண்டு பின்வாங்க வேண்டாம். அமெரிக்காவில் ரோரர், டெய்லர் இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், நால்வகைத் திண்ம உருவங்களின் கன அளவைக் காணக் கல்லூரி மாணவர்களுக்குப் பயிற்சி அளித்தார்கள். வகைவகையாகப் பிரித்துப் போட்டவர்கள் பயிற்சியின்போது 89 விழுக்காடு சரியாகச் செய்தார்கள். கலந்து போட்டவர்கள் 60 விழுக்காடுதான். ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தபோது பிரித்துப் போட்டவர்கள் 20 விழுக்காட்டுக்கு விழுந்தார்கள், கலந்து போட்டவர்கள் 63 விழுக்காட்டில் நின்றார்கள். காரணம் எளிதில் விளங்கும்: தேர்வுத்தாள் எந்தச் சூத்திரம் என்று முன்கூட்டிச் சொல்வதில்லை, அதைத் தேர்ந்தெடுப்பதும் பயிற்சியின் பகுதியாக இருக்க வேண்டும்.

பிழைகளுக்கு ஒரு பதிவேடு வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வேலையில் வைத்திருப்பதைப் போன்றதே. மின்தூக்கி நின்றுபோனால் "கவனக்குறைவு" என்று எழுதிவிட்டு வரமாட்டீர்கள்; எந்தத் தளம், எந்தக் கதவு, எந்தத் தொடர்பு தேய்ந்தது, என்ன மாற்றினீர்கள் என்று எழுதுவீர்கள். உங்கள் சோதனைத்தாளில் மூன்று இடங்களில் சிவப்பு மையின் பக்கத்தில் நீங்களே பென்சிலால் "கேர்லெஸ்" என்று எழுதியிருப்பதைப் பார்த்தேன். மூன்றும் ஒரே பழுது. ஒரே கதவு மூன்று முறை மாட்டினால் அதைக் கவனக்குறைவு என்று எந்தத் தொழில்நுட்பரும் சொல்லமாட்டார். "பின்னக் கூட்டல்: பகுதி எண்ணைச் சமமாக்காமல் கூட்டினேன்" என்று ஒரு வரி எழுதி, தேதி போடுங்கள். மாத இறுதியில் அந்த வரி எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். ஊக்கத்தைக் கேட்டீர்கள் அல்லவா? ஏழு முறை வந்த வரி அடுத்த மாதம் இரண்டு முறை வருவதைப் பார்ப்பது தரும் ஊக்கத்தை எந்தச் சொற்பொழிவும் தந்து நான் பார்த்ததில்லை.

இங்கே என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். நான் கற்பித்த முதல் சில ஆண்டுகளில், கரும்பலகையில் ஒரு படியை எழுதிவிட்டு "இது சுலபம்" என்று சொல்லும் பழக்கம் எனக்கு இருந்தது. தைரியம் ஊட்டுவதாக நினைத்தேன். ஒரு பருவத்தின் இறுதியில் பேருந்து ஓட்டுநர் ஒருவர், வகுப்பு கலைந்தபின் நின்று, "சார், நீங்கள் சுலபம் என்று சொன்ன பிறகு எப்படிக் கேள்வி கேட்பது?" என்று கேட்டார். அதன்பிறகு அந்தச் சொல்லை விட்டுவிட்டேன். உங்கள் விரிவுரையாளரும் அப்படிச் சொல்பவராக இருந்தால் பொறுத்துக்கொண்டு கேளுங்கள். "எனக்கு ஒன்றும் புரியவில்லை" என்று போகாமல், நீங்கள் போட்ட தாளைக் கையில் எடுத்துக்கொண்டு, "இந்த வரியிலிருந்து அந்த வரிக்கு எப்படிப் போனீர்கள்?" என்று விரலை வைத்துக் காட்டிக் கேளுங்கள். அதற்கு இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம் என்பதால் யாரும் தட்டிக்கழிக்க மாட்டார்கள்.

தனியாசிரியர் இப்போது வேண்டாம் என்பது என் எண்ணம். வாரத்துக்கு ஒரு முறை வரும் தனியாசிரியரும் ஞாயிற்றுக்கிழமையின் மறுவடிவமாகிவிடும் ஆபத்து உண்டு. அவர் போடுவதை நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். எட்டு வாரம் நான் சொன்னபடி செய்தபின் பதிவேட்டில் ஒரே வரி விடாமல் வந்துகொண்டிருந்தால், அந்த ஒன்றுக்காக மட்டும் ஒருவரைத் தேடுங்கள்.

மகளைப் பற்றி நீங்கள் எழுதியதை நான் சற்றுக் கவலையோடுதான் படித்தேன். 2015-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கணிதத்தைக் கண்டு அஞ்சும் பெற்றோர் முதல், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடத்தில் அடிக்கடி உதவியபோது, அந்தப் பிள்ளைகள் அந்த ஆண்டு குறைவாகவே கற்றார்கள், அவர்களுக்கும் அச்சம் கூடியது. ஆகவே கற்பிக்க முயலாமல் அம்மாவிடம் அனுப்பியதில் குற்றமில்லை. ஆனால் அனுப்பும்போது சொன்ன அந்த ஒரு வாக்கியம் வேண்டாம். அதற்குப் பதிலாக, நீங்கள் மாணவராக அவள் பக்கத்தில் உட்காருங்கள். 1980-களில் இங்கே பாடத்திட்ட மேம்பாட்டுக் கழகத்தில் உருவான பட்டை வரையும் முறை, பள்ளியில் "மாடல்" என்று சொல்வார்களே, அது அவளுக்கு இப்போது நன்றாகப் பழகியிருக்கும். 1/4 + 1/6 என்று எழுதிக்கொடுத்து, "இதற்கு மாடல் வரைந்து காட்டும்மா, அப்பா கற்றுக்கொள்ள வேண்டும்" என்று கேளுங்கள். பன்னிரண்டு கட்டங்கள் கொண்ட ஒரு பட்டை வரைவாள். அதில் கால் பங்குக்கு மூன்று கட்டம், ஆறில் ஒரு பங்குக்கு இரண்டு கட்டம் நிழலிடுவாள். மொத்தம் ஐந்து கட்டம், 5/12. அதைத் தலைகீழாக்கினால் 12/5, அதாவது 2.4 ஓம். உங்கள் சோதனைத்தாளின் மூன்றாவது கணக்கு அந்த மேசையிலேயே முடிந்துவிடும். அவளும் விளக்கிச் சொல்வதால் இன்னும் ஆழமாகக் கற்றுக்கொள்வாள்.

பாடத்தை விட்டுவிடுவது பற்றி இப்போது முடிவெடுக்க வேண்டாம். எட்டு வாரத்துக்குப் பிறகு பின்னமும் சமன்பாடும் இன்னும் தடுமாறினால், இந்த ஒரு பாடத்தை மட்டும் அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள். வேலையும் குடும்பமும் உள்ளவர் ஒரு பாடத்தைத் தள்ளிப்போடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. என் வகுப்பில் அப்படித் தள்ளிப்போட்டுத் தேறியவர்கள் உண்டு, தள்ளிப்போட மறுத்து மொத்தமாக நின்றுபோனவர்களும் உண்டு. 31 மதிப்பெண் பெற்ற அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். பதிவேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

நாளைக்கான மூன்று கணக்குகளை நானே தருகிறேன். முதலாவது: 3 ஓம், 6 ஓம் மின்தடைகள் பேரலலில் இருந்தால் மொத்தத் தடை எவ்வளவு? இரண்டாவது: ஓர் எண்ணை மூன்றால் பெருக்கி ஏழைக் கழித்தால் 11 வருகிறது, அதைச் சமன்பாடாக எழுதி அந்த எண்ணைக் காணுங்கள். மூன்றாவது: மாடிக்கு 2.8 மீட்டர் உயரமுள்ள ஒரு புளோக்கில், முதல் தளத்திலிருந்து 13-ஆம் தளத்துக்கு மின்தூக்கி வினாடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் இடையில் நிற்காமல் போகிறது; கிளம்பும்போதும் நிற்கும்போதும் வேகம் மாறுவதைக் கணக்கில் எடுக்காவிட்டால் எத்தனை வினாடி ஆகும்? இதில் 13-ஐ மாடி உயரத்தால் பெருக்கத் தோன்றும். எத்தனை மாடி ஏறுகிறது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். முதல் கணக்கின் விடை 3-ஐவிடக் குறைவாக வந்திருக்கிறதா என்பதை மகளிடம் காட்டுவதற்கு முன் நீங்களே பார்த்துவிடுங்கள்.